முதலில் இன்ஜினைத் திறங்கள், பெயிண்ட் அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிக்கிறவர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் முழுப் பக்கத்தையும் இரண்டு தடவை படித்தும் இன்ஜினைப் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை. என்ன பெயிண்ட், எத்தனை கோட்டிங், குரோம் எங்கே போட்டார்கள், சீட்டுக்கு எந்த ரெக்ஸின் என்பதெல்லாம் இருந்தது. உள்ளே கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) எப்படி இருக்கிறது, போர் (பிஸ்டன் ஓடும் துளை) எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எண்ணெய் போகிற வழி திறந்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இதே தப்பில் மாட்டிக்கொண்டு எட்டு வருஷம் இழந்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

என் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்-பில் ஃபிட்டராக இருந்தவர். 1972-ல் ஒரு புல்லட் 350 வாங்கினார். திருவொற்றியூரில் செய்த வண்டி. அயனாவரத்திலிருந்து பெரம்பூருக்கு அதில்தான் வேலைக்குப் போவார், அதில்தான் எங்களை மெரினாவுக்குக் கூட்டிப் போவார், நான் டேங்க் மேல், தங்கை நடுவில், அம்மா பின்னால். அவர் போன பிறகு வண்டி என்னோடு வேளச்சேரிக்கு வந்தது. 2015 டிசம்பர் 1 ராத்திரி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது நாங்கள் மாடிக்கு ஏறிவிட்டோம், வண்டியை ஏற்ற முடியவில்லை. ஹேண்டில்பார் மட்டும் வெளியே தெரிந்தது. மூன்று நாள் அப்படியே நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகு, அடுத்த மாதம், ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர்கள் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது, புது கறுப்பு, புது குரோம், கண்ணாடியாக மின்னும் கிராங்க் கேஸ் (கிராங்கை மூடியிருக்கும் இன்ஜின் கூடு). நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன். பில்லில் 'இன்ஜின் சர்வீஸ்' என்று ஒரு வரி இருந்தது, நானும் நம்பினேன். நாலு மாதம் ஓடியது. ஒருநாள் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது கீழேயிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம், ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க அதுவும் கூடியது. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் நிறுத்தியதுதான், அப்புறம் எட்டு வருஷம் ஷெட்டிலேயே கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவில் மறுபடி தண்ணீர் நின்றபோது அதைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தேன், அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. ஆனால் அக்கம்பக்கத்தில் நனைந்த பழைய வண்டிகள் நாலைந்து அந்த மாதமே கிலோ கணக்கில் காயலான்கடைக்குப் போனதைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுவருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக அப்பாவின் டூல் பெட்டியை எடுத்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இருக்கிற மில்லிமீட்டர் ஸ்பேனர் பழைய புல்லட்டின் நிறைய நட்டுகளுக்குச் சேராது. அது பிரிட்டிஷ் விட்வொர்த் கணக்கில் போட்ட மரை. கிட்டத்தட்டச் சேருகிற மாதிரி இருக்கும், பலமாகத் திருகினால் நட்டின் முனை மழுங்கிப் போகும். அப்பாவின் பெட்டியில் அந்த ஸ்பேனர்கள் ஒன்று விடாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி இருந்தன. இல்லாதவர்கள் புதுப்பேட்டையில் பழைய டூல் கடைகளில் தேடினால் கிடைக்கும். வேலையை ஆரம்பிக்கும் முன் அதை வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு படம், கழற்றிய நட்டு போல்ட்டுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், பாட்டில் மேல் ஒரு சீட்டு. இன்ஜினின் மேல்மூடியான ஹெட் சுலபமாக வந்துவிட்டது. அதற்குக் கீழே பிஸ்டன் ஓடுகிற பிளாக் வரவில்லை. பழைய புல்லட்டில் பிஸ்டன் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. எட்டு வருஷம் அசையாமல் நின்றதில் ரிங் உட்கார்ந்த இடத்தில் துரு பிடித்து இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பக்கத்து வீட்டுப் பையன், "அங்கிள், சுத்தியால ரெண்டு போடு போட்டா வந்துடும்" என்றான். கூடாது. பிஸ்டன் உடையும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராட் வளையும். டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து பிஸ்டன் தலையில் ஊற்றி வைத்தேன். தினமும் காலையில் பல் தேய்த்ததும் போய்ப் பார்ப்பேன், அளவு குறைந்திருக்கிறதா என்று. ஐந்து நாள் அப்படியே நின்றது. ஆறாம் நாள் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. எங்கோ வழி கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. மறுபடி ஊற்றினேன். பத்தாம் நாள் ஒரு மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டியபோது 'ணக்' என்று ஒரு சின்னச் சத்தம், பிஸ்டன் ஒரு நூல் கீழே போனது. நான் கத்திய கத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

பிளாக்கைத் தூக்கினேன், கிராங்க் கேஸைப் பிரித்தேன். உள்ளே பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புல்லட்டில் இன்ஜின் ஆயிலுக்குத் தனி டேங்க் கிடையாது, கிராங்க் கேஸிலேயே பின்பக்கம் ஒரு அறை இருக்கும். அந்த அறையின் அடியில் வேளச்சேரி வெள்ளத்தின் வண்டல் களிமண்ணாகக் காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது. ஆயில் ஃபில்டர் கம்பளித் துணியில் செய்தது, அது கருவாடு மாதிரி விறைத்துப் போயிருந்தது. 'இன்ஜின் சர்வீஸ்' என்று காசு வாங்கியவர்கள் அந்த ஃபில்டர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். புது எண்ணெய் அந்த மண்ணையே கரைத்துக் கொண்டுபோய்க் கிராங்குக்குக் கொடுத்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற பல வண்டிகளில் கனெக்டிங் ராட்டின் கீழ்முனையில் ரோலர் பேரிங் இருக்கும். இந்தப் பழைய புல்லட்டில் இருப்பது மிதக்கும் புஷ். கிராங்க் பின்னுக்கும் ராட்டுக்கும் நடுவில் ஒரு வளையம், இரண்டு பக்கமும் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றும். எண்ணெய் சுத்தமாக, தடையில்லாமல் வந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். வழியில் மண் அடைத்தால் முதலில் சாவது அதுதான். கத்திப்பாராவில் நான் கேட்ட டொக் டொக் அந்த புஷ்ஷின் சத்தம். கையில் எடுத்துப் பார்த்தேன், அரம் வைத்து ராவியது மாதிரி கோடு கோடாக இருந்தது. நாற்பதாயிரம் ரூபாய்ப் பளபளப்புக்கு அடியில் இதுதான் இருந்தது.

கிராங்கைத் தனியாகப் பிரிக்கும் முன் டைமிங் பக்கம் ஆயில் பம்ப்பை ஓட்டுகிற புழுப் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அது இடது மரை. வழக்கமான பக்கம் திருகினால் இறுகிக்கொண்டே போகும். இதைத் தெரியாமல் பலம் காட்டி கிராங்க் முனையையே ஒடித்தவர்கள் உண்டு. புத்தகம் கிடைத்தால் படியுங்கள், கிடைக்காவிட்டால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்த தெரிந்தவர், புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் லேத் வைத்திருக்கும் ஒரு பாய். எழுபதைத் தாண்டியவர். பிளாக்கையும் கிராங்கையும் கோணியில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினேன். போரைப் பெரிதாக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் பிளாக்கைத் தொடக்கூட இல்லை. "முதல்ல பிஸ்டனை வாங்கிட்டு வாங்க சார், போரை அப்புறம் பேசலாம்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார்: ஒரே அளவு என்று டப்பாவில் போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும், பிஸ்டனை அளந்து அதற்குத் தகுந்தபடிதான் போரைக் கடைய வேண்டும், கடைந்த போருக்குப் பிஸ்டன் தேடக் கூடாது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் ஒன்றை வாங்கி வந்தேன். புல்லட் 350-க்குக் கம்பெனி அளவு 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்). என் பிளாக் அதுவரை ஒருமுறைகூடக் கடையப்படாமல் 70-லேயே இருந்தது. அதைப் பார்த்து பாய், "உங்க அப்பா வண்டியை நல்லா வச்சிருந்திருக்கார் சார்" என்றார். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

கிராங்க் வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தேன். புது பின், புது புஷ், ராட் எல்லாம் போட்டு இரண்டு பக்கத்துக் கனமான சக்கரங்களான ஃப்ளைவீல்களையும் சேர்த்து முறுக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பம். லேத்தின் இரண்டு முனைக்கும் நடுவில் கிராங்கை நிறுத்தி, மயிரிழை ஆட்டத்தையும் காட்டிக் கொடுக்கிற அளவுகருவியான டயல் கேஜை அதன் மேல் படும்படி வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். முள் ஆடியது. கழற்றி, செம்புச் சுத்தியால் ஃப்ளைவீலின் ஓரத்தில் ஒரே ஒரு அடி. மறுபடி லேத்தில், மறுபடி சுற்று. ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. மறுபடி கழற்றினார். இப்படி ஒன்றரை மணி நேரம். எங்கே அடிக்கிறார், எவ்வளவு பலத்தில் அடிக்கிறார் என்பதை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. முள் கிட்டத்தட்ட நின்ற பிறகுதான் டீ சொன்னார். இரண்டு ஃப்ளைவீலும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் என்ன பெயிண்ட் அடித்தாலும் அந்த வண்டி நடுங்கும், பேரிங்கைத் தின்னும். உங்கள் கட்டுரையில் வந்திருக்க வேண்டிய படம் அந்த டயல் கேஜ் முள்தான் என்பது என் கருத்து.

மறுபடி பூட்டியது என் வீட்டுப் போர்ட்டிகோவில், மூன்று வாரம். எண்ணெய் போகிற ஒவ்வொரு துளையிலும் டீசல் பீய்ச்சி, காற்றடித்து, மறுமுனையில் சுத்தமாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். டைமிங் சக்கரங்களைப் புள்ளிக்குப் புள்ளி வைத்தேன். ஸ்பார்க் வரும் நேரத்தைத் தீர்மானிக்கிற சிபி பாயிண்டுக்கு நடுவில் சிகரெட் தாள் ஒன்றைச் செருகி, அது எப்போது நழுவுகிறதோ அங்கேதான் பாயிண்ட் திறக்கிறது என்று குறித்தேன். அது அப்பா எனக்குப் பன்னிரண்டு வயதில் காட்டிக் கொடுத்தது. அவர் சிகரெட் பிடிக்கவே மாட்டார், அந்தத் தாளுக்காக மட்டும் டூல் பெட்டியில் ஒரு பாக்கெட் வைத்திருப்பார்.

அப்புறம் அந்த முதல் கிக். பழைய புல்லட்டை வெறுமனே உதைக்கக் கூடாது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே ஆம்ப் மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, இன்ஜினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கிற டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே முழு உதை. இதைத் தவறவிட்டால் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். ஏழாவது உதையில் பிடித்தது. உடனே முறுக்கவில்லை. வால்வுகளைத் திறக்கிற ராக்கருக்குப் போகிற எண்ணெய்க் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்தி, எண்ணெய் கசிந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முதல் 500 கிலோமீட்டரை நாற்பது வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டினேன், எண்ணெயை மாற்றினேன். வடித்த எண்ணெயில் மண் இல்லை.

இன்ஜின் செலவு மொத்தம் இருபத்தேழாயிரத்துச் சில்லறை. குரோமுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

சுத்தம் செய்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலும் நான் பட்டிருக்கிறேன். முதல் ஒர்க்‌ஷாப் செய்த பஃபிங்கில் (சுற்றும் சக்கரத்தால் தேய்த்து மெருகேற்றுவதில்) கிராங்க் கேஸின் விளிம்புகள் மழுங்கி, வார்ப்பில் இருந்த எழுத்துகள் பாதி தேய்ந்துவிட்டன. அலுமினியத்துக்கு டீசல், பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர், பொறுமை, இவை போதும். முக்கியமாக, இன்ஜின் நம்பர் அடித்திருக்கிற இடத்தில் பஃபிங் வீலோ எமரித்தாளோ படவே கூடாது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அந்த நம்பரைத்தான் பார்ப்பார்கள், தேய்ந்திருந்தால் அலைச்சல்தான். பெட்ரோல் டேங்கில் உள்துருவுக்கு ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளையும் டீசலையும் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும், அதனால் பழைய டேங்கில் நாள்கணக்கில் நிரப்பி வைக்காதீர்கள், பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

டேங்கின் கோடுகள்தான் எனக்குத் தீராத வருத்தம். அந்தக் காலத்தில் திருவொற்றியூரில் புல்லட் டேங்குகளில் அந்தத் தங்கநிறக் கோடுகளைப் பிரஷ் பிடித்துக் கையாலேயே இழுப்பார்கள், அளவுகோல் இல்லாமல். என் அப்பா வண்டியில் இருந்த கோடுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1970-ல் மூடிப்போன பிறகும் அந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தது நம் ஊர்த் தொழிலாளிகளின் கை. அந்தக் கையின் அடையாளத்தை, கொஞ்சம் மங்கியிருக்கிறது என்பதற்காகச் சுரண்டிப் போடாதீர்கள். ரப்பிங் காம்பவுண்டை மெதுவாகப் போட்டு, மெழுகு தடவினால் பாதி உயிர் திரும்பிவிடும்.

அந்தக் கட்டுரையில் 'விண்டேஜ் பதிவு' பற்றி வந்ததையும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்குத்தான் 'விஏ' நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அந்த நம்பர் வாங்கினால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போக முடியாது. சேஸிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தாலும் கிடைக்காது. நான் வாங்கவில்லை. சாதாரண ஆர்.சி.யையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வண்டி ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன்.

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. உங்கள் பத்திரிகையில் இதற்கு ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள், ஆயிரம் வண்டிகள் பிழைக்கும். வண்டி மூழ்கிவிட்டதா, தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பலர் செய்கிற முதல் காரியம் அதுதான், அங்கேதான் ராட் வளைகிறது. பேட்டரி வயரைக் கழற்றுங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் பக்கத்துச் செயின் கேஸ் மூன்றுக்கும் பழைய புல்லட்டில் எண்ணெய் தனித்தனி, மூன்றையும் வடித்துவிடுங்கள். எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெறும் மழைத்தண்ணீர் என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கித் தண்ணீரை வெளியேற்றி, புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றலாம். சேற்றுத் தண்ணீர் என்றால் அதைக்கூடச் செய்ய வேண்டாம். பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரிக்க வசதி இல்லாவிட்டால் பிளக் துளை வழியாக நிறைய எண்ணெய் ஊற்றி மூடி வையுங்கள், காசு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். காயலான்கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த தடவை இப்படி ஒரு கட்டுரை எழுதும்போது உங்கள் நிருபரைப் புதுப்பேட்டைச் சந்துகளுக்கு அனுப்புங்கள். என் கிராங்கை நேர் செய்த பாயிடம் வேலை கற்றுக்கொள்ள இப்போது யாரும் இல்லை, அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். செம்புச் சுத்தியை எங்கே, எவ்வளவு பலத்தில் அடிக்க வேண்டும் என்று அவரிடம் யாராவது உட்கார்ந்து கேட்டு, படத்தோடு எழுதி வைக்க வேண்டும். நான் கேட்டுப் பார்த்தேன், "கைக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நாலு நாள் இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அது பிடிபடும்.

வண்டியின் படம் ஒன்று இணைத்திருக்கிறேன். பக்கத்து டூல் பாக்ஸின் பெயிண்ட் உரிந்திருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது ஒன்றுதான் ஒர்க்‌ஷாப்காரர்கள் மறந்துபோய் விட்டுவைத்த 1972 பெயிண்ட். அந்த இடத்தை நான் துணியால் துடைப்பதோடு சரி.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர் ஒருவர்,
சென்னை